எட்டாவது கன்னி

ஓர் ஆட்டுக்கல்லைத் திருட ஒருவனுக்கு இரண்டு வேண்டும்: உறுதியான முதுகு, கலங்கிய புத்தி. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம் என்பதால், தொலைபேசியில் கௌசிக் சொன்னதைத் தனப்பிரியா முதலில் நம்பவில்லை.

"கல்லு காணோம்னா, ரத்தினக்கல்லுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க மேடம். மாவாட்டுற கல்லு."

தனப்பிரியா நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்துச் சொல்லும் வேலைதான் வரும். அவளுடைய உதவியாளன் அறிவு, முன்பு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் விற்றவன். வந்தவர்கள் எதை வாங்க வந்தோம் என்பதையே மறக்கிற அளவுக்குப் பேசியதால் அந்த வேலை போய், இந்த வேலைக்கு வந்தவன். காரில் வரும் வழியெல்லாம், அடுத்து அம்மிக்கல் காணாமல் போனால் தள்ளுபடி தரலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

சங்ககிரி மலையைப் பார்த்தபடி நின்றது 'வெண்கரு' ஓட்டல். கோழிப்பண்ணைக் குடும்பத்தின் வாரிசான கௌசிக் வெளிநாட்டில் வடிவமைப்புப் படித்துத் திரும்பி வந்து கட்டியது. சுவர், தரை, கூரை எல்லாம் வெள்ளை. திரும்பிய பக்கமெல்லாம் கலை. வரவேற்பறையில் லாரி ஸ்பிரிங் பட்டைகளை வளைத்துச் செய்த மயில் ஒன்று தோகை விரித்திருந்தது. படிக்கட்டின் மேல் முட்டை ஓடுகளைக் கோத்த திரை தொங்கியது. அறிவு குடித்து முடித்த காகிதக் கோப்பையைப் பளபளப்பான ஓர் உருளைக்குள் போட்டான். அதுவும் கலைதான் என்று காவலாளி ஓடிவந்து கையை விட்டு எடுத்தார்.

கௌசிக் அவர்களைப் பக்கவாட்டு வழியாக அழைத்துப் போனான். போலீஸுக்குப் போக அவனுக்கு மனமில்லை. அந்த ஆட்டுக்கல்லைக் கலைப்படைப்பாக்கிய சிற்பி அன்று மாலை சென்னையிலிருந்து விருந்தினர்களோடு வருகிறார். அவர்களிடம் காட்டக் கல் இருக்க வேண்டும். ஆனால் ஓட்டல் மேலாளர் கைலாசம் இதற்குள் வழக்கைத் தன் போக்கில் முடித்துவிட்டிருந்தார். தங்கியிருப்பவர்களைத் தவிர கல் இருந்த அறையின் சாவி இருந்தது, அறையைச் சுத்தம் செய்யும் மாரக்காளிடம் மட்டும்தான். அந்தச் சாவியை அவர் பிடுங்கிக்கொண்டு, துணி அடுக்கும் அறையில் அவளை ஒரு முக்காலியில் உட்கார வைத்திருந்தார். மாலைக்குள் கல் வராவிட்டால் போலீஸில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார்.

மாரக்காள் அழவில்லை. போகிற வருகிற ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதில் முகம் கறுத்திருந்தது. தனப்பிரியாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மாம் பெரிய கல்லை நான் எங்கீங்க ஒளிப்பேன்? சேலைக்குள்ளயா?"

"திருடனைப் பிடிச்சிட்டாங்க அக்கா," என்றான் அறிவு வெளியே வந்ததும். "இனி திருட்டைத்தான் கண்டுபிடிக்கோணும்."

காணாமல் போன இடம், தரைத்தளத்தில் இருந்த, ஓட்டலிலேயே வாடகை அதிகமான அறை. அதன் பெயர் 'மஞ்சள் கரு'. வட்டமான கட்டில், வட்டமான ஜன்னல். கட்டிலுக்கு நேர் எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளை மேடை, காலியாக இருந்தது. அதற்கு மேலே கூரையிலிருந்து எஃகுக் கம்பியில் ஒரு குழவிக்கல் தொங்கி, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. சுவரில் சிறிய பலகை:

'மௌனம். எடப்பாடி வட்டாரத்தில் கிடைத்த ஆட்டுக்கல், எஃகுக் கம்பி, ஒளி. விளிம்பில் காணும் சிதைவு, உழைக்கும் பெண்ணின் மௌனத்தைக் காலம் கடித்த தடம்.'

"காலத்துக்குப் பல்லு நல்லாத்தான் இருந்திருக்குது," என்றான் அறிவு.

அறையில் தங்கியிருப்பவர்கள் எடப்பாடிப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் மணியனும் அவர் மனைவி பாப்பாயியும். அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். அவர்களுடைய மகன், கௌசிக்கோடு கல்லூரியில் படித்தவன். அப்பாவும் அம்மாவும் ஒரு தடவையாவது ராஜா ராணி மாதிரி இருக்கட்டும் என்று மூன்று நாளைக்கு இந்த அறையை ஏற்பாடு செய்திருந்தான். முந்தின நாள் மாலை வந்தார்கள். இன்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாரக்காள் பூ வைக்க வந்தபோது கல் இருந்தது. மதியத்துக்கு முன்னால் துண்டு மாற்ற வந்தபோது இல்லை. அவளேதான் ஓடிப்போய்ச் சொன்னாள். தம்பதிகளிடம் கல் பாலீஷுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

இந்தப் பக்கம் கேமரா உண்டா என்று தனப்பிரியா கேட்டாள். சுவரில் கேமராவை மாட்டினால் சுவரின் அழகு கெட்டுவிடும் என்று தான் வைக்கவில்லை என்றான் கௌசிக்.

"சுவரு தப்பிச்சிருச்சுங்க," என்று அறிவு ஆறுதல் சொன்னான்.

தனப்பிரியா தொங்கும் குழவியைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அதை ஒரு விரலால் நிறுத்தினாள்.

"இதை ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

கம்பியை வெட்ட கட்டிங் பிளேயர் வேண்டும், அதனால் விட்டிருப்பார்கள் என்றான் கௌசிக். அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பழம்பொருளுக்கு ஆசைப்பட்டு வருகிறவன் கையில் ஒரு கட்டிங் பிளேயர்கூட இல்லாமல் வரமாட்டான். குழவி இல்லாத ஆட்டுக்கல்லை எந்தக் கடைக்காரனும் சீந்தமாட்டான்.

"இது கல்லு வேணும்னு வந்த ஆளு இல்லைங்க கௌசிக்," என்றாள். "கல்லு இங்க இருக்கக் கூடாதுன்னு நினைச்ச ஆளு."

அறைக்கு வெளியே, நடைவழியின் கோடியில் பித்தளைக் கம்பிகள் வளைந்த பெட்டி தள்ளும் டிராலி ஒன்று நின்றது. அதன் சிவப்புக் கம்பளத்தின் மேல் ஒரு பெரிய குளியல் துண்டு இறுக்கமாக முறுக்கப்பட்டு, வட்டமாகச் சுற்றப்பட்டு, நடுவில் அமுங்கிக் கிடந்தது. இந்த ஓட்டலில் கட்டிலின் மேல் துண்டுகளை அன்னமாக மடித்து வைப்பது வழக்கம்.

"அன்னம் கூடு கட்டியிருக்குதுங்க அக்கா," என்றான் அறிவு. "முட்டை வைக்க எடம் பார்த்திருக்குது."

கௌசிக் குனிந்து, இதை எந்தக் கலைஞர் செய்தார், தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்ற யோசனையோடு பார்த்தான்.

"இது சும்மாடு," என்றாள் தனப்பிரியா. தலையில் பாரம் வைக்கிறவர்கள் பாரத்துக்கும் தலைக்கும் நடுவே வைத்துக்கொள்கிற துணி வளையம். லாரியில் உருளும் சரக்கை ஏற்றுகிறவர்களும் அதே மாதிரி அடியில் வைப்பார்கள். வட்டமான கனத்த பொருளை இதன் மேல் வைத்தால் நகராது.

அதற்குள் கைலாசமும் வந்து சேர்ந்திருந்தார். துண்டை எடுத்தது துண்டு மாற்றுகிறவள்தான் என்று உடனே சொன்னார். தனப்பிரியா அவரிடம், மாரக்காளுக்குத் துணி தள்ளும் வண்டி தனியாக இருக்கிறதா என்று விசாரித்தாள். இருந்தது, ஆழமாக, மூடியோடு. ஒரு கல்லை ஒளித்துக் கொண்டுபோக அதைவிடத் தோதான வண்டி இல்லை. அதை விட்டுவிட்டு, பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற பித்தளை டிராலியை அவள் ஏன் எடுக்க வேண்டும்? அதோடு, தம்பதிகள் கொண்டுவந்தது ஒரு சின்னப் பெட்டியும் ஒரு மஞ்சள் துணிப்பையும்தான் என்று வாசலில் நின்ற பணியாள் சொன்னான். அதற்கு டிராலியே தேவைப்பட்டிருக்கவில்லை.

"வேலை செய்யறவங்க இதைத் தள்ளினா எங்க போறேன்னு கேப்பீங்க. தங்க வந்தவங்க தள்ளினா கதவைத் திறந்து விடுவீங்க," என்றாள் தனப்பிரியா. கைலாசத்துக்கு அது பிடிக்கவில்லை.

நடைவழியின் கடைசியில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் தோட்டம். தளம் போட்ட பாதை ஒரு வேப்பமரத்தடியில் போய் முடிந்தது. அங்கே அதே சிற்பியின் இன்னொரு படைப்பு இருந்தது. ஆற்றங்கரைப் பாறைகளை உருட்டித் தேய்த்து வரிசையாக நட்டு, 'கன்னிமார்' என்று பெயர் வைத்திருந்தார். தோட்டக்காரர் தினமும் காலையில் ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஒரு செம்பருத்திப் பூ வைப்பாராம். அதற்கு யாரும் சொல்லவில்லை. கன்னிமார் என்றதும் அவராகவே வைக்கத் தொடங்கிவிட்டார்.

"அறிவு, கன்னிமார் எத்தனை பேரு?"

"ஏழு பேருங்க. எங்க தோட்டத்து வாய்க்கால் மேட்டுலயும் ஏழுதான்."

"எண்ணு."

அவன் விரல் நீட்டி எண்ணினான். மறுபடி இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினான். மூன்றாவது தடவை வாய்விட்டு எண்ணினான். எட்டு இருந்தது. கௌசிக் மட்டும், சிற்பி மரபை மீறிப் புதிதாக ஏதாவது சொல்ல வந்திருக்கலாம் என்று இழுத்தான்.

"போய் அந்தக் கடைசிக் கல்லு மேல உட்காரு," என்றாள் தனப்பிரியா.

"கன்னிமார் மேலயாங்க? கண்ணு அவிஞ்சிருமுங்க."

"அது கன்னி இல்ல. தலையில பூ இல்ல பாரு."

அறிவும் கௌசிக்கும் சேர்ந்து அதைப் புரட்டினார்கள். அடியில் வழவழவென்று குழி. விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு மூளி. கவிழ்த்து வைத்த ஆட்டுக்கல், வேப்பமர நிழலில் பாதி நாளாகச் சாமியாக இருந்திருக்கிறது.

கௌசிக்கின் முகம் தெளிந்தது. கைலாசம் அசரவில்லை. பிறகு எடுத்துப்போக மாரக்காள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றும், போலீஸ் வந்தால் இரண்டே அடியில் எல்லாம் வெளியே வரும் என்றும் சொன்னார். கல் கிடைத்தது மாரக்காளுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. தனப்பிரியா உணவறையை நோக்கி நடந்தாள். மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

மணியனும் பாப்பாயியும் சாப்பிட்டு முடித்து, இனிப்புக்குக் காத்திருந்தார்கள். பாப்பாயிக்கு அறுபது வயது இருக்கும். மகன் அன்று காலைக்கு ஏற்பாடு செய்திருந்த மசாஜ் முடிந்து வந்ததில் தலை எண்ணெயில் மினுங்கியது. மணியன் வெள்ளை வேட்டி சட்டையில், முன்னால் வந்த பெரிய தட்டையும் அதன் நடுவில் இருந்த சின்ன இனிப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனப்பிரியா தான் யார் என்பதைச் சொல்லி, கல்லைப் பற்றி விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னாள். பாலீஷுக்குப் போன கல் இனி வராமலே இருந்தாலும் தனக்குச் சம்மதம் என்றாள் பாப்பாயி.

"அது என்ற கல்லுங்க அம்மணி."

முந்தின நாள் அறைக்குள் நுழைந்ததுமே தன்னுடைய கல் என்று அடையாளம் தெரிந்துவிட்டதாம். கல்யாணமாகி வந்த மறுநாள் மாமியார் அவள் கையில் ஒப்படைத்த கல். வீட்டு ஆட்களுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் அதில்தான் ஆட்டினாள். கிரைண்டர் வந்த அன்றைக்குப் பழைய சாமான்காரனைக் கூப்பிட்டு, காப்பி போட்டுக் கொடுத்து, கல்லையும் கொடுத்தனுப்பினாள். விளிம்பில் இருக்கும் மூளியும் அவள் வேலைதான். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், மாவு நைசாக இல்லை என்று மாமியார் மூன்றாவது தடவை ஆட்டச் சொன்னபோது, குழவியைத் தூக்கி விளிம்பில் போட்டாள்.

"மௌனம்னு எழுதியிருக்குதுன்னு இவரு படிச்சுச் சொன்னாரு," என்றாள். "தெருவே திரும்பிப் பார்க்கற மாதிரி சத்தம் போட்டுட்டுத்தானுங்க நான் அதைப் போட்டேன்."

இரவெல்லாம் தூக்கமில்லை. கல்லுக்கு மேலே எரிந்த விளக்கை அணைக்க எந்தப் பொத்தானை அமுக்குவது என்றும் தெரியவில்லை. கல்யாண நாளும் அதுவுமாக மாமியாரே எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று கணவரிடம் சொன்னாள். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நாப்பது வருசமா அப்படித்தானுங்க," என்றாள் பாப்பாயி. குரலில் குறை இல்லை. மழை பெய்யாத ஊரில் மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அறிவு தனப்பிரியாவின் காதருகே குனிந்து, காரணம் கிடைத்துவிட்டது, கல்லும் கிடைத்துவிட்டது, ஊருக்குக் கிளம்பலாமா என்று கேட்டான். அவள் அவனைக் கண்டுகொள்ளாமல், மாரக்காள் முக்காலியில் உட்கார்ந்திருப்பதையும் மாலையில் போலீஸ் வரப்போவதையும் பாப்பாயியிடம் நிதானமாகச் சொன்னாள்.

பாப்பாயி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ளைய உடச் சொல்லுங்க. கல்லை எடுத்தது நாந்தான்."

கைலாசம் திகைத்து நின்றார். கல் எங்கே என்று தனப்பிரியா கேட்டாள்.

"கெணத்துல போட்டுட்டேன்."

"இங்க கெணறு இல்லீங்களே."

பாப்பாயி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அப்ப அந்த நீச்சல் கொளம்."

கல்லைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தவர் என்பதை மறந்து, கைலாசம் குளத்தைப் பார்த்து ஓடினார்.

தனப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கல் போன நேரத்தில் பாப்பாயி எங்கே இருந்தாள் என்பதை அந்தத் தலை எண்ணெயே சொன்னது. மாரக்காளுக்காக அவள் பொய் சொல்கிறாள். எங்கே வைத்தது என்று தெரியாததால் பொய்யும் கோணலாக வருகிறது. தனப்பிரியா பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினாள். லாரியில் கிளீனராகத் தொடங்கி இன்று மூன்று லாரிக்குச் சொந்தக்காரர் மணியன் என்று கௌசிக் வழியில் சொல்லியிருந்தான்.

"ஐயா, சும்மாடு நல்லா இறுக்கமாக் கட்டியிருந்தீங்க."

மணியன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"லூசாக் கட்டினா உருண்டுருமுங்க."

பாப்பாயி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ புது ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி பார்த்தாள்.

"நீங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். தனப்பிரியா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். பாப்பாயி மசாஜுக்குப் போனதும் நடைவழியில் நின்ற டிராலியை அறைக்குள் தள்ளிவந்தார். மேடையும் டிராலியும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் கல்லைச் சாய்த்து நகர்த்துவது சிரமமாக இல்லை. மேலே ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டார். எதிரே வந்த பணியாள் வணக்கம் சொல்லிக் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தான். வேப்பமரத்தடியில் கல்லோடு கல்லாக இருக்கட்டும் என்று கவிழ்த்து வைத்தார். மாரக்காள்மேல் பழி விழுந்தது தனப்பிரியா வந்து சொல்லும்வரைக்கும் அவருக்குத் தெரியாது.

கல் வேண்டாம் என்று கௌசிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனே எடுத்திருப்பானே என்று தனப்பிரியா கேட்டாள்.

"ஏன்னு கேப்பாங்கல்லங்க," என்றார் மணியன். "அப்பறம் எங்கம்மாளப் பத்திச் சொல்லோணும்."

அதைச் சொல்லிவிட்டு, இனிப்பைத் தொடாமல் எழுந்தார். துணி அறை எங்கே என்று கேட்டு அவரே நடந்தார். மாரக்காள் முன்னால் நின்று, தப்புத் தன்னுடையது, மன்னிக்கோணும் அம்மணி என்றார். குளத்திலிருந்து திரும்பிய கைலாசம் சாவியை நீட்டினார். மாரக்காள் வாங்கவில்லை. தன்னை உட்கார வைத்ததை எத்தனை பேர் பார்த்தார்களோ, அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றாள். கைலாசம் கௌசிக்கைப் பார்த்தார். கௌசிக் வெள்ளைச் சுவரைப் பார்த்தான். கடைசியில் சமையலறையில் எல்லோரையும் கூட்டி, கரண்டிச் சத்தம் நின்ற பிறகு, கைலாசம் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை மணியன் வாசலிலேயே நின்றார். பிறகுதான் மாரக்காள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மீதி இருந்தது சிற்பி மட்டும்தான். கல்லைத் திரும்ப அறைக்குக் கொண்டுபோவதா என்று கௌசிக் கலங்கினான். தங்க வந்தவர்கள் தூங்க வேண்டும், அதுதான் ஓட்டல் என்றாள் தனப்பிரியா. கல்லை மறுபடி கவிழ்த்து வேப்பமரத்தடியிலேயே விட்டார்கள். மாலையில் சிற்பி பத்துப் பதினைந்து பேரோடு வந்தார். வேப்பமரத்தடியில் நின்று 'கன்னிமார்' பற்றி நெடுநேரம் பேசினார். எண்ணவில்லை. 'மஞ்சள் கரு' அறையில் வெற்று மேடையின் மேல் குழவி மட்டும் சுழல்வதைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு, கல்லும் இல்லாமல் போனபோதுதான் இந்தப் படைப்பு முழுமை பெறுகிறது என்று விருந்தினர்களுக்கு விளக்கினார். அறிவு மட்டும் தனியாகக் கை தட்டினான். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

கூட்டம் அறையைக் காலி செய்யும்வரை மணியனும் பாப்பாயியும் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தனப்பிரியா விடைபெற வந்தவள், அவர்கள் பேசுவது காதில் விழவும் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க," என்றாள் பாப்பாயி.

"ம்."

"நம்மூட்டுல நாம படுக்கற அறையில, ஒங்கம்மாளோட இரும்புப் பொட்டி ஒண்ணு கெடக்குதில்ல. அதைச் சுத்திச் சுத்தித்தான் நான் தெனமும் கூட்டறேன்."

மணியன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"எத்தன கனம் இருக்கும்?" என்று கேட்டார்.